மாதம் 300 வெள்ளி ஜிம் சந்தா தகுமா? செந்தூல்வாசிகள் கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

நீச்சல் குளம், நீராவிக் குளியல், குளிரூட்டிய அறை, வரிசையாக ஓட்டப் பொறிகள், துண்டு முதல் சோப்பு வரை எல்லாம் தரும் உடற்பயிற்சி மையங்கள் கோலாலம்பூர் பேரங்காடிகளில் பெருகியிருக்கின்றன. செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரங்களில் வேலைக்குப் போகும் இளையோர் பலர் இவற்றில் சேருகிறார்கள். பிள்ளைகள் சொல்லி, நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் பெற்றோரும் சேருகிறார்கள். சேரும் நாளில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மூன்றாவது மாதத்தில் ஜிம் பை வீட்டு மூலையில் கிடக்க, பணம் மட்டும் கடன் அட்டையிலிருந்து மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் செலவு தகுமா, யாருக்குத் தகும், கையெழுத்துப் போடுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும், சிக்கல் வந்தால் எங்கே போவது என்பதை இந்தக் கட்டுரை வரிசையாகத் தருகிறது.

உடற்பயிற்சி நமக்கு ஏன் அவசரம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜிம் தேவையா என்பது ஒரு கேள்வி. உடற்பயிற்சி தேவையா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதில் விவாதத்துக்கே இடமில்லை.

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். பாதிக்கும் மேற்பட்டோர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இதே ஆய்வு 2019இல் நடந்தபோது, இன வாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம்; 30 விழுக்காட்டுக்கும் மேல். ‘இனிப்பு நீர்’ இல்லாத வீடு நம்மிடையே குறைவு என்று பெரியவர்கள் சொல்வதை எண்களும் உறுதிப்படுத்துகின்றன.

வாழ்க்கை முறை மாறியதும் இதற்கு ஒரு காரணம். செந்தூல் இரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே குடியேறிய தமிழர்கள் பலர் உடல் உழைப்பால் பிழைத்தவர்கள். தோட்டப்புறத்தில் மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை சுமந்தவர்களும் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றைச் செய்ததில்லை. மாலையில் பந்து விளையாடத் தோட்டத்துத் திடல் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை அலுவலக நாற்காலியிலும், லாரி இருக்கையிலும், பாதுகாவலர் சாவடியிலும் உட்கார்ந்தே வேலை செய்கிறது. உழைப்பு குறைந்தது; சோற்றின் அளவும் தே தாரிக்கின் இனிப்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வேகமாக நடப்பது இதில் சேரும். அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். இந்த அளவை எட்ட எந்த அட்டையும் தேவையில்லை. ஆனால், தசைப் பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சியும் நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஜிம்மின் உண்மையான பயன் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மாதக் கணக்கு ஏமாற்றும். வருகைக் கணக்கு உண்மை சொல்லும்

விற்பனையாளர் மாதக் கட்டணத்தைச் சொல்வார். சில சமயம் அதையும் முப்பதால் வகுத்து, ‘ஒரு நாளைக்குப் பத்து வெள்ளிதான், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு’ என்பார். சேருபவர் போட வேண்டிய கணக்கு வேறு: மாதக் கட்டணத்தை, மாதத்தில் உண்மையில் போகும் நாள்களால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 300 வெள்ளி கட்டும் ஒருவரை வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள், மாதம் 12 முறை போனால் ஒரு வருகைக்கு 25 வெள்ளி ஆகிறது. வாரம் ஒருநாள், மாதம் நான்கு முறை போனால் 75 வெள்ளி. மாதம் இரண்டே முறை என்றால் 150 வெள்ளி. அதே மாதம் 100 வெள்ளிக்கு வீட்டருகே ஒரு சாதாரண ஜிம்மில் சேர்ந்து, நான்கு முறை மட்டும் போகிறவருக்கும் வருகைக்கு 25 வெள்ளிதான் ஆகிறது. அதாவது, சொகுசு மையத்துக்கு மாதம் 12 முறை போகிறவரும், சாதாரண மையத்துக்கு நான்கு முறை போகிறவரும் ஒரு வருகைக்கு ஒரே செலவைச் செய்கிறார்கள். சொகுசு மையத்தில் சேர்ந்து சோம்பியிருப்பவர்தான் மிகப் பெரிய இழப்பாளி.

இதோடு போக்குவரத்துச் செலவும் சேரும். பேரங்காடியில் காரை நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. வேலை முடிந்து வரும் மாலை நெரிசலில் போக அரை மணி, வர அரை மணி போனால், ஒரு மணி நேரப் பயிற்சி இரண்டு மணி நேர வேலையாகிவிடும்.

வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு 300 வெள்ளி என்பது ஏறக்குறைய 18 விழுக்காடு. வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக மிஞ்சும் பணத்தில் இது எத்தனை பங்கு என்பதை ஒவ்வொருவரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

7,752 பேரை வைத்து நடந்த ஆய்வு

‘காசு கட்டிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்’ என்பது பலரின் நம்பிக்கை. இதைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இருக்கிறது. பொருளியல் அறிஞர்கள் ஸ்டெஃபானோ டெலாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் இருவரும் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி மையங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவுகளை மூன்று ஆண்டு காலத்துக்கு ஆராய்ந்தார்கள். முடிவு 2006இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் வெளிவந்தது.

மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே மையங்களில் பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான். கடைசியாகப் போன நாளுக்கும் சந்தாவை ரத்துசெய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருந்தது. அத்தனை நாளும் போகாமலே பணம் கட்டினார்கள்.

இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். வருங்காலத்தில் தாங்கள் எவ்வளவு ஒழுங்காக இருப்போம் என்பதை மிகையாக எடை போட்டார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சேரும் நாளில் இருக்கும் மனநிலையை வைத்து 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். எல்லா உறுப்பினரும் ஒரே நாளில் வந்தால் எந்த ஜிம்மிலும் இடம் போதாது. வராதவர்களின் கட்டணமும் சேர்ந்துதான் அந்தத் தொழிலை ஓட்டுகிறது.

கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது

விலை கூடிய மையங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. அவை தரும் வசதிகள் சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படுகின்றன.

கோலாலம்பூரில் மாலையில் அடிக்கடி மழை பெய்யும். 2015, 2019ஆம் ஆண்டுகளில் வந்ததைப் போன்ற புகைமூட்டம் சூழ்ந்தால் வெளியில் நடப்பதே கேடு. இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை முடியும் பெண்கள் தனியாகப் பூங்காவில் ஓட முடியாது; வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் பாதுகாப்பும் உள்ள இடம் அவர்களுக்குத் தேவை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு நீச்சல் குளம் பெரிய உதவி. குழுவாகச் செய்யும் வகுப்பு இருந்தால்தான் தொடர்ந்து போகிறவர்களும் உண்டு. ஒரே அட்டையில் பல கிளைகளுக்குப் போகலாம் என்றால், வேலையிடம் ஓர் ஊரிலும் வீடு இன்னோர் ஊரிலும் உள்ளவர்களுக்கு அது பயன்தான்.

ஆனால், சந்தாவில் அடங்காதவை எவை என்பதையும் கேட்க வேண்டும். தனிப் பயிற்சியாளர் பெரும்பாலும் சந்தாவில் சேர்வதில்லை; பத்து, இருபது அமர்வுகள் என்று தனியாக விற்கப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் முதல் அமர்வு பல இடங்களில் அந்தத் தொகுப்பை விற்பதற்கான வாய்ப்பாகவே பயன்படுகிறது. இரண்டாவது ஒப்பந்தத்தில் போகும் பணம் சில சமயம் முதல் ஒப்பந்தத்தையே மிஞ்சிவிடும்.

செந்தூலில் ஏற்கெனவே இருப்பவை

வெளியே பணம் கட்டுவதற்கு முன், கட்டிய பணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். செந்தூல் கிழக்கில் எழுந்த கொண்டோமினியங்கள் பலவற்றில் உடற்பயிற்சி அறையும் நீச்சல் குளமும் உண்டு. அவற்றின் செலவை வீட்டுக்காரர்கள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்கெனவே கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும், அனுமதி அட்டை தங்களுக்குக் கிடைக்குமா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் இந்த வசதிகளைப் பயன்படுத்தவிடாமல் நிர்வாகம் தடுக்க முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டுவாசிகளுக்கும் வழி இருக்கிறது. செந்தூல் எல்ஆர்டி நிலையத்துக்கு அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்குள்ள ஏரிப் பூங்காவில் நடைபாதை உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. மாதம் 50 வெள்ளி மை50 அட்டை வைத்திருப்பவர்களுக்கு எல்ஆர்டி பயணத்துக்குக் கூடுதல் செலவும் இல்லை. ஜாலான் ஈப்போ பக்கம் இருப்பவர்களுக்குப் பத்து பெருநகரப் பூங்கா பக்கம்.

செந்தூல் கொமுட்டர் நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம் பத்துமலை. அதன் 272 படிகளைப் பக்திக்காக மட்டுமல்லாமல் உடல் வலுவுக்காகவும் விடியற்காலையில் ஏறுகிறவர்கள் உண்டு. கோயில் வளாகம் என்பதால் உடையில் கட்டுப்பாடு வேண்டும். முழங்கால் வலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கூடுதல் சுமை.

தசைப் பயிற்சிக்கு நம் தாத்தாக்கள் செய்த தண்டாலும் பஸ்கியும் இன்றும் செல்லும். சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவை வயதானவர்களும் வீட்டில் செய்யக்கூடியவை. மூன்று மாதம் இவற்றை விடாமல் செய்தவருக்கு ஜிம் சந்தா பயனுள்ள அடுத்த படி. ஒரு வாரம்கூடத் தொடர முடியாதவர் சந்தா கட்டுவதால் மட்டும் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் எங்கே பயிற்சி தொடங்கினாலும் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 40 வயதுக்கு மேற்பட்ட, உதவித்தொகை பெறும் குறைந்த வருமானப் பிரிவினர் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். பையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

‘இந்தச் சலுகை இன்று மட்டும்’ என்று சொன்னால், அன்று கையெழுத்துப் போடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். எடுத்துச் செல்ல விடாத இடத்தில் சேராமல் இருப்பதே மேல். படிக்கும்போது இவற்றைத் தேட வேண்டும்:

- குறைந்தபட்சக் காலம் எவ்வளவு? 12 மாதமா, 24 மாதமா? மாதம் மாதம் கட்டி விருப்பப்படி நிறுத்தும் திட்டம் இருக்கிறதா?
- காலம் முடிந்ததும் சந்தா தானாக நின்றுவிடுமா, தானாகப் புதுப்பிக்கப்படுமா?
- நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்? நேரில் போக வேண்டுமா, மின்னஞ்சல் போதுமா?
- நோய், பிரசவம், வேலையிட மாற்றம் வந்தால் சந்தாவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியுமா? அதற்குக் கட்டணம் உண்டா?
- வீட்டுக்கு அருகிலுள்ள கிளை மூடப்பட்டால் என்ன ஆகும்? தொலைவிலுள்ள கிளைக்கு மாற்றுவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா?
- சொன்ன விலையில் சேவை வரி அடங்குமா? சேர்வுக் கட்டணம், அட்டைக் கட்டணம் தனியா?

விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதிகளை எழுத்தில் கேட்க வேண்டும். வாட்சாப்பில் ஒரு வரி இருந்தால்கூடப் பின்னால் உதவும்.

பணம் கட்டும் முறையும் முக்கியம். முழுத் தொகையையும் கடன் அட்டையில் தவணையாக மாற்றிக்கொள்ளும் திட்டத்தில், ஜிம்முக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடுகிறது. உறுப்பினர் அதன் பின் வங்கிக்குத்தான் கடன்காரர். ஜிம் மூடப்பட்டாலும் அடுத்த மாதத் தவணை வரும். தவணை தவறினால் கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும். முன்கூட்டிக் கட்டும் தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆபத்தும் குறையும்.

2017 ஜூனில் நடந்தது

ஜிம் மூடப்படுவது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் கதவடைத்தது. அடுத்த ஆண்டு, 2017 ஜூனில், ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவிலுள்ள தன் மையங்களை மூடியது. உறுப்பினர்கள் வேறொரு நிறுவனத்தின் மையங்களுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கூறப்பட்டது. ஆனால், தங்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ அருகே உள்ளது என்பதற்காகவே ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இப்படிப்பட்ட மாற்றம் பெரிதாக உதவாது.

இவை இரண்டும் பெரிய பெயர்கள். பெரிய பேரங்காடிகளில் பளபளப்பாக இயங்கியவை. கண்ணாடிச் சுவரும் புதிய இயந்திரமும் ஒரு நிறுவனத்தின் நிதி நிலையைக் காட்டாது. நிறுவனம் கடனில் மூழ்கும்போது, முன்பணம் கட்டிய உறுப்பினர் பணத்துக்காகக் காத்திருக்கும் நீண்ட வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். ஆயுள் சந்தா, மூன்றாண்டுச் சந்தா என்று பெரும் தள்ளுபடியில் விற்கப்படும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் எதிர்காலச் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்துசெய்தால், முழு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, அதுவரை பெற்ற சேவையின் மதிப்பு, எடுத்துக்கொண்ட பொருள்களின் விலை ஆகியவற்றையே வசூலிக்கலாம் என்பது அதன் சாரம்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். மாதம் 300 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 7,200 வெள்ளி முழுவதையும் ஒருவர் கட்டிவிட்டார். ஆறு மாதம் கழித்து நிறுத்துகிறார். பெற்ற சேவை 1,800 வெள்ளி. 7,200இல் 5 விழுக்காடு 360 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 2,160 வெள்ளி. இந்தக் கணக்குப்படி அவர் திரும்பக் கேட்கக்கூடியது 5,040 வெள்ளி. ‘எந்தச் சூழ்நிலையிலும் பணம் திருப்பித் தரப்படாது’ என்று தாளில் அச்சடித்திருப்பதைப் பார்த்தே பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். 2010இல் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்கவும் இடம் தருகிறது.

நிறுத்துவதாக எழுத்து மூலம் அறிவித்து, பிரதி வைத்துக்கொள்வது முதல் வேலை. நிறுவனம் மறுத்தால், உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அங்கு வழக்கறிஞர்களுக்கு இடமும் இல்லை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தம், ரசீது, வங்கி அறிக்கை, வாட்சாப் செய்திகள் ஆகியவையே சாட்சி. மலாய்மொழி எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் உதவலாம்.

ஜிம் மூடப்பட்டுவிட்டால், கடன் அட்டை வழங்கிய வங்கிக்கும் உடனே எழுத வேண்டும். சேவை கிடைக்கவில்லை என்ற அடிப்படையில் அந்தக் கட்டணத்தை மறுத்து முறையிட வழி இருக்கிறது. தாமதித்தால் அதற்கான காலம் கடந்துவிடும்.

வரிச் சலுகை எவ்வளவு

‘வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்’ என்பதும் விற்பனைப் பேச்சில் வரும். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுச் செலவுகளுக்கு 1,000 வெள்ளி வரை தனி வரி விலக்கு உண்டு. ஜிம் சந்தாவும் அதில் அடங்கும். ஆனால், 1,000 வெள்ளி கையில் திரும்பி வரும் என்று பொருள் இல்லை. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து அந்தத் தொகை கழிக்கப்படுகிறது, அவ்வளவுதான். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 110 வெள்ளி. 6 விழுக்காட்டுப் படியில் 60 வெள்ளி. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாதம் 80 வெள்ளி ஜிம்முக்கு ஆண்டுக்கு 960 வெள்ளி. அத்தனையும் விலக்கில் அடங்கிவிடும். மாதம் 300 வெள்ளி ஜிம்முக்கு ஆண்டுக்கு 3,600 வெள்ளி. அதில் 2,600 வெள்ளிக்கு எந்த விலக்கும் இல்லை.

யாருக்குத் தகும், யாருக்குத் தகாது

ஏற்கெனவே ஒரு சாதாரண ஜிம்முக்கோ பூங்காவுக்கோ வாரம் மூன்று நாள் தவறாமல் போய்க்கொண்டிருப்பவர், நீச்சல் குளமோ குழு வகுப்போ உண்மையில் பயன்படுத்துபவர், மையம் வேலையிடத்துக்கோ இரயில் நிலையத்துக்கோ பக்கத்திலேயே அமைந்தவர், 300 வெள்ளி போனாலும் வீட்டுச் செலவும் சேமிப்பும் பாதிக்கப்படாதவர் ஆகியோருக்கு விலை கூடிய மையம் தகும். அவர்களும் மாதச் சந்தாவில் தொடங்குவதே நல்லது.

இதுவரை பயிற்சி செய்து பழகாதவருக்கும், சந்தாவுக்காகக் கடன் அட்டைத் தவணை எடுக்க வேண்டியவருக்கும், நெரிசலில் பயணம் செய்து போக வேண்டியவருக்கும் இப்போதைக்குத் தகாது. அவர்களுக்கு ஒருநாள் அனுமதிச் சீட்டு அல்லது பத்து வருகைச் சீட்டு விற்கும் மையம் மேல். மூன்று மாதம் எத்தனை முறை போனார்கள் என்பதை நாள்காட்டியில் குறித்துவைத்தால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டு போகாமல் இருப்பவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து, போன நாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வருகையின் விலை மனதை உறுத்தினால், இந்த வாரமே திரும்பப் போகத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே நிறுத்தக் கடிதம் எழுத வேண்டும். ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் அடுத்த மாதக் கட்டணமும் போய்விடும்.